கீழே போகாத தண்ணீர்

...இல்லை, சிங்க்கில் எதுவும் இல்லை, அது எனக்குப் போன மாதமே தெரியும், சிங்க்கில் அடைப்பு என்றால் சிங்க் மட்டும்தானே மந்தமாக இறங்கும், இங்கே பாத்திரம் கழுவின தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தக் கோடியில் கக்கூஸ் கொப்பளிக்கிறது, குளியலறைத் தரையில் இருக்கிற ஓட்டை ஏப்பம் விடுகிறது, வயிறு முட்டத் தின்றுவிட்டு வெட்கமில்லாமல் விடுகிற ஏப்பம், களக், பின்னாலேயே அந்த நாற்றம், முதலில் காற்றில்தான் இருக்கும், அப்புறம் துண்டில், அப்புறம் தலைமுடியில்... ஒரு வீட்டில் எல்லா வாயும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணினால் கோளாறு வாயில் இல்லை, தொண்டையில். இதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நான் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவள், கொழுப்பு குழாய்க்குள் போய் என்ன செய்யும் என்று என் கைக்கே தெரியும், ஊற்றும்போது தண்ணீர் மாதிரி ஓடும், கொஞ்ச தூரம் உள்ளே போய்க் குளிர்ந்ததும் மெழுகாகிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் முடி ஒட்டும், முடியின் மேல் காபித்தூள், அதன் மேல் உலகத்தில் உள்ளதெல்லாம். கடையில் கொழுப்புத் தொட்டியை வாரா வாரம் சுரண்டாமல் முதலாளி எங்களை வீட்டுக்கு விடமாட்டார். இங்கேயும் வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் வைப்பேன், வடிகட்டி இல்லாமல் ஒரு சொட்டு கீழே விட்டதில்லை, அப்படியும் அடைத்துக்கொள்கிறது என்றால் என்ன அர்த்தம், வேறு யாரோ என்னவோ போடுகிறார்கள் என்றுதானே... தொம். பின்பக்கம் குழாய்க்காரர் சிமெண்டை உடைக்கிறார். தொம். சம்மட்டி விழும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பல்லைக் கடித்துக்கொள்கின்றன. நன்றாக அடியுங்கள் அண்ணே, இன்னும் ஓங்கி அடியுங்கள், இந்த வீட்டுக்கு அது ஒன்றும் புதுசில்லை.

அப்பா படுக்கையில் அசிங்கம் பண்ணிவிட்டார். வேறு நாளே கிடைக்கவில்லை, குழாய்க்காரர் வந்து "மேல தண்ணி எதையும் தொறக்காதீங்கம்மா, நான் சொல்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்த பிறகு. விடிந்ததும் ஒரு தடவை மாற்றி, நனைந்த விரிப்புகளை மெஷினில் போட்டு, நீண்ட நேரம் ஊறித் துவைக்கிற மாதிரி ஓடவிட்டு, இப்போது மறுபடியும். நான் கதவில் நின்று பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைகிறது, "சரி" என்கிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்தபோது எல்லாச் சொல்லும் போய் அந்த ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது, பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. சிரிப்பதா அழுவதா, ஆயுசில் யாருக்கும் சரி என்று சொல்லாத மனிதர்! மர ஆலையில் கூலியாட்களைக் கட்டி மேய்த்தவர், அம்மா கேட்டதற்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சரி என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ... அம்மாவுக்கு இடது காது கேட்காது. பிறவியில் நன்றாகக் கேட்ட காது. அதைப் பற்றி நினைக்காதே, முதலில் வாளியை எடு. மற்ற நாளில் காலை வேலை எல்லாம் தம்பியுடையது, நான் கருக்கலிலேயே கடைக்குப் போய்விடுவேன், அவன் வந்து துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத் தன் கண்ணாடிக் கடைக்குப் போவான், மத்தியானத்துக்கு மேல் நான். அவன் குணம் யாருக்கு வரும், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை நிறுத்தி வைத்துச் சொல்கிறார்கள், ஆம்பளப் பிள்ளை ஒருத்தன் பெத்த அப்பனுக்கு இப்படிச் செய்யறது எங்க நடக்கும்னு. கண்ணாடிக் கடையில் அவன் வாடிக்கைக்காரர்களின் காதுக்குப் பின்னால் கம்பியைப் பொருத்துவதைப் பார்க்க வேண்டும், விரல் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. இன்றைக்கு எனக்கு வார விடுமுறை, நீ வராதே, தூங்கு என்று நான்தான் சொன்னேன்.

"அம்மா! ஏம்மா, இங்க கொஞ்சம் வாங்க!" குழாய்க்காரர் குரலுக்குச் சுவர் தேவையில்லை. அப்பாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனால், மனிதர் குழிக்குள் இடுப்பளவு நிற்கிறார், தடித்த கழுத்தில் வியர்வை ஓடுகிறது, முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு சிரிப்பு. "பாருங்க, இதுதான் உங்க விருந்தாளி." தோண்டின இடத்தில் பழைய மண் குழாயின் முதுகு தெரிகிறது, துண்டு துண்டாக வைத்துச் சிமெண்டால் இணைத்த குழாய், இந்த வீட்டைக் கட்டினபோது பதித்தது, இணைப்பு ஒவ்வொன்றும் விரிசல் விட்டிருக்கிறது, ஒவ்வொரு விரிசலிலும் அத்தி மரத்தின் வேர் நுழைந்திருக்கிறது. நுழையும்போது மயிரளவுதான் இருந்திருக்கும். உள்ளே போய்க் குடித்துக் குடித்து, ஆட்டு வால் மாதிரி தடித்து, குழாயை உள்ளிருந்தே பிளந்து... அவர் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார், வரவில்லை, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார், குடல் உருவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது, கறுப்பாக, சொட்டச் சொட்ட. நான் தினமும் குடல் உருவுகிறவள், நானே ஒரு அடி பின்னால் வைத்தேன். "மேல பச்சைப் பசேல்னு புல்லு ஒரு கோடு மாதிரி வளந்திருந்துச்சே, பாக்கலயாம்மா? வெயில்ல மத்ததெல்லாம் காஞ்சு கெடக்கறப்ப ஒரே எடம் மட்டும் செழிப்பா இருந்தா கீழ ஒழுகுதுன்னு அர்த்தம்." பார்த்தேன் அண்ணே. பார்த்தேன், தெரியும், கண்டுகொள்ளவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"மரத்த எடுத்தாகணும்மா," என்றார். அதைக் கேட்டதும் என் தலை தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது, எதற்கு, யார் வரப்போகிறார்கள், படுக்கையில் கிடக்கிற ஆளா எழுந்து வரப்போகிறார்? ஆனால் கழுத்து திரும்பிவிட்டது. முன்னால் ஒரு தடவை வேறொரு குழாய்க்காரர் இதே இடத்தில் நின்று இதையே சொன்னார், ஒல்லியான மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார், சார், லைனுக்கு மேலயே மரத்த வச்சிட்டீங்க என்று, அப்பா அவர் சட்டையைப் பிடித்தார், காலர் கையோடு வந்துவிட்டது, அப்புறம் மண்வெட்டியின் கட்டையால்... அந்த மனிதர் ஓடினார், ஒரு செருப்பு இங்கேயே கிடந்தது. என் வீட்டில் வந்து என் மரத்தை வெட்டச் சொல்ல நீ யாருடா. அது அவர் வைத்த மரம், அவர் வைத்தது எதையும் யாரும் அசைக்கக் கூடாது, நாற்காலியைக் கூட. அதற்குப் பிறகு அடைத்துக்கொண்டால் யாரையும் கூப்பிடுவதில்லை, மூங்கில் பிளாச்சு ஒன்றை விட்டு அவரே குத்துவார், குத்தினால் வழி கிடைக்கும், ஒரு வாரம் ஓடும், அடைப்பு எங்கேயும் போகாது, ஓட்டை மட்டும்தான் விழுந்திருக்கும். வேரைக் குத்திவிட்டால் செத்துவிடுமா, இன்னும் நாலு பக்கம் கிளைத்து வரும்.

அந்தச் சேம்பர், வீட்டுக் கழிவெல்லாம் வந்து சேருகிற தொட்டி, அதோ, குழிக்குப் பக்கத்தில், மூடியைக் கழற்றிச் சாய்த்து வைத்திருக்கிறார், அதன் விளிம்பில் இப்போதும் அந்தச் சிமெண்ட் உதிர்ந்த மூலை... தம்பி ரொம்பச் சின்னவன் அப்போது. தண்ணீரில் ஓட்டுகிற பிளாஸ்டிக் படகு ஒன்று வைத்திருந்தான், அதைக் கக்கூஸில் மிதக்கவிட்டிருக்கிறான், போய்விட்டது, அடைத்துக்கொண்டது. அப்பா கேட்கவே இல்லை, யார் என்று கூடக் கேட்கவில்லை, அவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தார், பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி, மூடியைக் காலால் தள்ளினார், "எடுடா. நீ போட்டத நீயே எடு." அவன் கை எட்டவில்லை. கை எட்டவில்லை என்றால் தலையை இறக்கு. தோள் வரைக்கும் போயிற்று, பிறகு காது, பிறகு முகம், அவன் கத்தின சத்தம் மேலே வரவில்லை, குழாய் வழியாகப் போய் வீட்டுக்குள் கக்கூஸில் கேட்டது, அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், கக்கூஸுக்குள்ளிருந்து பிள்ளை கத்துகிறான் என்று பைத்தியம் பிடித்த மாதிரி ஓடி வந்தாள். அதற்கு முன்னால் நான் போய்விட்டேன். அவர் மணிக்கட்டைக் கடித்தேன், நன்றாகக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது, விடவில்லை, அவர் என்னைச் சேம்பர் விளிம்பில் அறைந்தார், சிமெண்ட் மூலை உதிர்ந்தது, என் தோள்பட்டை எலும்பும் உதிர்ந்தது. இன்றைக்கும் வெட்டுக்கத்தியை ஓங்கும்போது அந்த இடத்தில் சுருக்கென்று ஒரு வலி. அதனால்தானோ என்னவோ என் வெட்டு சுத்தமாக இருக்கும், வலிக்கிறதற்குள் முடித்துவிட வேண்டும் என்று. தம்பி அழவே இல்லை. அம்மா அவனைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அதற்கப்புறம் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லாரும் சாதுப் பிள்ளை என்றார்கள்.

"ஆனா இதப் பாத்தீங்களா?" குழாய்க்காரர் கம்பியைச் சுருட்டி இழுத்தார், நுனியில் கொக்கி, கொக்கியில் வெள்ளையாக என்னவோ, துணியா, வந்துகொண்டே இருந்தது, மந்திரவாதி வாயிலிருந்து உருவுகிற மாதிரி, ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, வேரில் சிக்கி, கொழகொழவென்று. ஈரத் துடைப்புத் தாள். நோயாளியைத் துடைக்கிற பாக்கெட் தாள். "வேரு மட்டும் இருந்தா தண்ணி எப்பிடியோ வழி பண்ணிக்கும்மா. இது போயி அதுல மாட்டிக்குச்சு பாருங்க, கதவச் சாத்தின மாதிரி. இது கரையாது. பாக்கெட்ல என்ன வேணா எழுதிருப்பான், கரையாது." எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. நான் காகிதத்தால் வாணலியைத் துடைத்துக்கொண்டு கிடக்கிறேன்! போனை எடுத்தேன். தம்பி உடனே எடுத்தான், தூங்கவில்லை போல. "துடைக்கிற தாளையெல்லாம் கக்கூஸ்லயா போடற நீ?" "பாக்கெட்ல போடலாம்னு எழுதிருக்கேக்கா." "குப்பைல போடுன்னு சொன்னேனா இல்லையா? தனியா ஒரு கூடையே வச்சிருக்கேன், கண்ணு தெரியலயா ஒனக்கு?" பிறகு, மெதுவாக, எப்போதும் போல மெதுவாக, "கையில வச்சிட்டிருக்க முடியலக்கா. உடனே போயிடணும்னு தோணுது." கத்த வாயெடுத்தவள் போனைக் காது மாற்றிப் பிடித்தேன். "அப்பாவ நீ குளிப்பாட்டிட்டியா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல. மறுபடி பண்ணி வச்சிருக்காரு." "நீ விடு, நான் வரேன்." "வேணாம்டா." "வரேன்க்கா, நீ தொடாத." வைத்துவிட்டான். தொடாத என்றால்? என்னைச் சிரமப்பட வேண்டாம் என்கிறான், வேறென்ன.

நான் தொடாமல் எப்படி, அவன் வந்து சேர்கிற வரைக்கும் மலத்திலா கிடப்பார். அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, குளியலறைக்குள் தள்ளி, சட்டையை விட்டுவிட்டுக் கீழே மட்டும் அவிழ்த்து, ஒரு வாளியில் தண்ணீர், ஒரு காலி வாளி, துணியை நனைத்துத் துடைப்பேன், காலி வாளியில் பிழிவேன், ஒரு சொட்டு தரையில் விடமாட்டேன், குழாய்க்காரருக்குக் கொடுத்த வாக்கு. தொம்... தொம்... சுவர் அதிர்கிறது. எத்தனை கனம் இந்த மனிதர், பாதி செத்த பிறகும் எத்தனை கனம், தொடையைத் தூக்கினால் இறைச்சித் துண்டு மாதிரி அது பாட்டுக்கு விழுகிறது, இந்தத் தொடையில் ஒரு கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், மூட்டு எங்கே, நரம்பு எங்கே, எந்த இடத்தில் அழுத்தினால் தானாகக் கழன்று வரும்... சீ. இல்லை, சீ என்ன, நினைக்கத்தான் செய்கிறேன், தினமும் நினைக்கிறேன், ஊட்டும்போது கரண்டி பல்லில் இடித்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன என்று, தலையணையைச் சரி பண்ணும்போது, படியில் அவர் நாற்காலியை இறக்கும்போது. நினைப்பதோடு சரி. கையை நீட்டினதில்லை. அது என் பெருமை, யாருக்கும் சொல்லாத பெருமை, உன்னை மாதிரி நான் இல்லை என்று உன் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு வேளையும் சொல்லிக்கொள்கிறேன், கேட்கிறதா? "சரி," என்றார் அப்பா. அப்போதுதான் அந்தச் சத்தம். சமையலறைப் பக்கம் ஒரு உறுமல், மோட்டார் மாறுகிற உறுமல்... மெஷின்! விரிப்புகளைப் போட்டு ஓடவிட்ட மெஷின், அதை அடியோடு மறந்துபோனேன், அது தன் பாட்டுக்குத் துவைத்து முடித்து மொத்தத் தண்ணீரையும் கக்குகிறது. ஓடிப் போய் நிறுத்தலாம் என்று திரும்புவதற்குள் தரை ஓட்டையின் சல்லடை மூடி தெறித்து எழுந்தது, கறுப்பாக ஒரு குமிழ், பிறகு குமிழ் இல்லை, ஊற்று. வீட்டிலேயே தாழ்ந்த வாய் அதுதானே, வேறு எங்கே வரும். சாம்பல் நுரையும் வேர்த் தூளும் அந்த வெள்ளைத் தாள்களும், இந்த வீட்டின் நாலு வாரத்துக் கழிவும் எங்கள் கணுக்காலைச் சுற்றி ஏறுகிறது, அப்பாவின் செத்த கால் அதில் கிடக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை, மற்றக் காலை உதறுகிறார், உதறினது என் வாயில் தெறிக்கிறது, "சரி, சரி, சரி," என்று அலறுகிறார், நான் அவரைவிடப் பெரிதாக அலறினேன், என்ன சொன்னேன் என்று தெரியாது, கெட்ட வார்த்தைகள், அவர் எங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகள், வரிசை கூட மாறாமல். அவர் தலைக்கு மேலே கம்பியில் துண்டு தொங்கியது. அதை எடுக்கக் கையை ஓங்கினேன்.

துண்டுக்குத்தான். துண்டுக்குத்தானே? கை மேலே போனது எனக்குத் தெரியும், கீழே வருகிறதற்குள் அப்பா சுருண்டார். நல்ல கை சடாரென்று எழுந்து தலையை மூடிக்கொண்டது, முகவாய் மார்பில் புதைந்தது, உடம்பு மொத்தமும் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு தோளை மட்டும் எனக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு... அடி எந்தப் பக்கமிருந்து வரும், எதை மறைக்க வேண்டும், எதைக் கொடுத்துவிடலாம் என்று தெரிந்த உடம்பு. அப்படிச் சுருள்வது ஒரு தடவையில் வராது. எனக்குத் தெரியும், எங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது அதைப் படிக்க, தம்பிக்கு ரொம்ப நாள் பிடித்தது, பாவம், அவன் முதலில் கையை நீட்டித் தடுப்பான், தடுத்தால் இன்னும் விழும். யாரையும் பார்த்துப் பயப்படாத மனிதருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? துண்டு என் கையில் இருந்தது. துண்டுதான், பாருங்கள் அப்பா, துண்டு. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சாக்கடைக்குள் முட்டி போட்டேன், வேறு இடம் எங்கே. அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். அக்குளுக்குக் கீழே, கையின் உள்பக்கம், நீலமும் மஞ்சளுமாக. விலாவில் ஒன்று. காதுக்கு மேலே முடிக்குள் ஒன்று, விரலால் தடவினால்தான் தெரியும். சிலதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சாயங்காலம் உடை மாற்றும்போது, ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரை, தொட்டாலே கன்றிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் விட்டுவிட்டேன், அது உண்மையும்தான், நாற்காலியில் ஏற்றும்போது பிடித்தாலே போதும். ஆனால் மாத்திரை சாப்பிட்டால் கை தலைக்குப் போகுமா? எல்லாம் சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் கன்றுமா? அதுவும் அவருடைய வழக்கம்தான், பள்ளிக்கூடத்தில் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் விழும் எங்களுக்கு. "அப்பா, யாராவது அடிக்கறாங்களா?" "சரி." "தம்பியா?" "சரி." "நானா?" அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார், "சரி" என்றார். அந்தக் கண்ணில் என்ன இருந்தது, சொல்லத் துடிக்கிறாரா, கெஞ்சுகிறாரா, இல்லை, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா, ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதைப் பிரித்தெடுப்பது. ஒருவேளை யாரும் தொடவே இல்லையோ, நியாயமாகத் தனக்கு என்ன வர வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்து, ஒவ்வொரு நாளும் அதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ...

வெளியே ஒரு பெரிய உடைப்புச் சத்தம், தொடர்ந்து "ஓடிருச்சும்மா! வழி விட்டுருச்சு!" என்று குழாய்க்காரர் கூவினார். தரை ஓட்டை ஒரு தடவை இழுத்து மூச்சு வாங்கியது, கறுப்புத் தண்ணீர் சுழன்றது, யாரோ கீழே இருந்து உறிஞ்சுகிற மாதிரி மொத்தமாக இறங்கிப் போனது, தாள்களும் மண்ணும் மட்டும் தரையில் அறைந்து கிடந்தன. அவர் பாட்டுக்கு வெளியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார், மண் குழாயை எடுத்துவிட்டு இணைப்பே இல்லாத பிளாஸ்டிக் குழாய் போட்டால் வேருக்கு வேலை இல்லை, அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் தேங்கி நின்றால் உடனே கம்பி விடச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வந்த பிறகு கூப்பிட்டால் இப்படித்தான் உடைக்க வேண்டியிருக்கும் என்று. நான் ம், ம் என்றேன். பிறகு அவர் வேறு யாரிடமோ பேசினார், "வாங்க தம்பி, அக்கா உள்ளதான் இருக்காங்க." தம்பியின் குரல், மெதுவாக, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. அப்பாவின் நல்ல கை என் மேல்சட்டையைப் பிடித்தது. நாக்குப் போன பிறகும் அந்தக் கைக்கு எத்தனை பலம், துணி கிழிகிற அளவுக்கு. சரி என்று கூடச் சொல்லவில்லை.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன், பிடி விடவில்லை, துணி கிழிந்தது. தம்பி நடைவழியில் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான், முகம் கழுவி, தலை வாரி, எப்போதும் போல. "ஐயோ, என்னக்கா இது கோலம். நகரு, நீ போய்க் குளி. அப்பாவ நான் பாத்துக்கறேன்." கையை நீட்டித் துண்டைக் கேட்டான். அந்தக் கையைப் பார்த்தேன், வெட்டின நகம், சுத்தமான விரல்கள், என் கையில் இருக்கிற மாதிரி ஒரு வெட்டுத் தழும்பு கிடையாது. "என்னக்கா அப்படிப் பாக்கற?" "நீ வந்தா அவரு பயப்படறாரு," என்றேன். அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், ரொம்பச் சாதாரணமாக, மழை விட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, பிறகு என்னைப் பார்த்தான், "நமக்கு மட்டும் அது இல்லாமயா இருந்துச்சு?" என்றான். நகருக்கா என்றான் மறுபடி. அடிவயிற்றிலிருந்து எனக்குக் கோபம் வந்தது, இத்தனை வருஷத்தில் தம்பி மேல் வராத கோபம், அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போல, இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பாதி உடம்பு செத்துப்போன ஒரு கிழவனை அடிக்கிறானே என்ற கோபம் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோபத்துக்குள் அப்பாவைத் தேடிப் பார்க்கிறேன், அவர் மேல் ஒரு துளி இரக்கம் இருக்குமே என்று, கிடைக்கவில்லை... கிடைப்பது வேறு, கடையில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் வருமே, அந்தக் கோபம்தான் இது, அப்படியென்றால் இத்தனை நாள் நான் என் கையைக் கட்டி வைத்திருந்தது எதற்காக, அவரை மாதிரி ஆகக் கூடாது என்றா, இல்லை... "அக்கா, நகரு," என்றான். நான் நகரவில்லை. அப்பாவுக்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன், அந்த நினைப்பு நிற்கவில்லை.